மதில், நிழல், வானம்: கட்டடப் படம் எடுப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (கொக்குவில்): யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வெள்ளைச் சுவரையும் கொஞ்சம் வானத்தையும் மட்டும் வைத்துப் படம் எடுக்கிறேன். சுவர் சாம்பலாக வருகிறது. எடிட் செய்து வெளிச்சத்தைக் கூட்டினால் வானம் வெளிறிவிடுகிறது. எங்கே பிழை?

கமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச் சாம்பல் என்றே நினைத்துக்கொள்ளும். சட்டகம் நிறைய வெள்ளையைக் காட்டினால் வெளிச்சம் கூடிவிட்டதென்று குறைத்துவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் +/− அளவு) +1 இலிருந்து +1⅔ வரை ஏற்றுங்கள். பாதிச் சட்டகம் நீல வானம் என்றால் +⅔ போதும். ஹிஸ்டோகிராம் (படத்தின் இருட்டு, வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல் சற்று இப்பால் நிற்க வேண்டும்.

மனுவலில் (அளவுகளை நீங்களே வைக்கும் முறையில்) எடுப்பது இதைவிடச் சுலபம். முழு வெயில் விழும் சுவருக்கு ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 1/400 நொடி. பூச்சின் சொரசொரப்பும் தெரிய வேண்டுமென்றால் 1/500 அல்லது 1/640. வெயில் மாறாத வரைக்கும் கிட்டப் போனாலும் எட்டப் போனாலும் இந்த அளவு மாறாது. போனில் என்றால் சுவரின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுங்கள்.

வானத்தின் கருநீலத்துக்குச் சூரியன் உங்கள் பக்கவாட்டில் இருக்க வேண்டும். போலரைசர் (வானத்தைக் கருநீலமாக்கும் வடிகட்டி) அதிகம் வேலை செய்வது சூரியனுக்குச் செங்கோணத் திசையில்தான். 24 மி.மீ. போன்ற அகன்ற லென்ஸில் அதை மாட்டினால் வானத்தின் ஒரு பாதி இருண்டும் மறுபாதி வெளிறியும் தெரியும். வேறொன்றும் இல்லாத வானத்தில் அந்தக் குறையை ஒளிக்க இடமே இல்லை. 50 மி.மீ.க்கு மேலே போங்கள். வெண்சமநிலையை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பை) ‘பகல் வெளிச்சம்’ என்று நிறுத்தி வையுங்கள். ஓட்டோவில் விட்டால் நீல வானத்தைப் பார்த்துவிட்டுச் சுவரை மஞ்சளாக்கும். நிழல் விழுந்த வெள்ளைச் சுவர் இலேசான நீலமாக வந்தால் திருத்த வேண்டாம். அங்கே விழுவது வானத்தின் வெளிச்சம் மட்டுந்தான்.

கேள்வி (பருத்தித்துறை): காலையும் பின்னேரமும்தான் எடுக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு மத்தியானத்தில்தான் நேரம் கிடைக்கிறது. வீண் வேலையா?

மனித முகத்துக்கும் கடற்கரைக்கும் சொன்ன விதி அது. சுவருக்கு மத்தியானம் அருமையான நேரம், எந்தச் சுவர் என்று தெரிந்திருந்தால்.

யாழ்ப்பாணம் இருப்பது வட அகலாங்கு 9.7 பாகையில். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் பகல் 12.10 மணி அளவில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இந்த இரண்டுக்கும் இடையிலான மாதங்களில் மத்தியான வெயில் வடக்குச் சுவரில் படும், மற்ற மாதங்களில் தெற்குச் சுவரில். ஜூன் கடைசியில் உச்சிவேளைச் சூரியன் வடக்கே 76 பாகை உயரத்தில் இருக்கும். அப்போது சுவரிலிருந்து 2 செ.மீ. துருத்திய ஒரு சீமெந்து வரம்பு 8 செ.மீ. நீள நிழலை விழுத்தும். கரணை தேய்த்த அரைவட்டத் தடங்கள், பூச்சு வெடிப்பு, சுண்ணாம்பு உரிந்த விளிம்பு எல்லாம் எழும்பி நிற்கும். அதே சுவரை நேரே வெயில் அடிக்கும்போது பார்த்தால் மொட்டையாகத் தெரியும்.

ஆனால் யன்னல் மேற்தட்டுள்ள வீடுகளில் கவனம். 60 செ.மீ. நீண்ட தட்டின் நிழல் ஜூன் மத்தியானத்தில் இரண்டரை மீற்றர் வரை இறங்கி யன்னலையே விழுங்கிவிடும். டிசம்பரில் தெற்குச் சுவரில் அதே தட்டின் நிழல் 90 செ.மீ. அளவில் நிற்கும். தட்டின் அகலமும் நிழலின் நீளமும் சமமாக வேண்டுமென்றால் சூரியன் 45 பாகையில் இருக்க வேண்டும். மார்ச் கடைசியில் கிழக்குச் சுவருக்கு அது காலை ஒன்பதரைக்குச் சற்று முன்.

திசைகாட்டி பார்க்கவே பஞ்சி என்றால் கோட்டைக்குப் போங்கள். ஐங்கோண வடிவம். மதில்கள் வெவ்வேறு திசை பார்த்து நிற்பதால் எந்த நேரத்திலும் ஏதாவதொரு மதிலில் வெயில் உரசிக்கொண்டு போகும். முருகைக்கல்லின் துளைகளுக்கு அந்த வெயில்தான் வேண்டும்.

கேள்வி (இணுவில்): கோயில் வெளிமதிலின் சிவப்பு, வெள்ளைப் பட்டைகளைக் கறுப்பு வெள்ளைப் படமாக்கினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிறமாகிவிடுகின்றன.

‘வானத்தை இருட்டாக்கும்’ ஆயத்த ஃபில்டர் ஒன்றைப் போட்டிருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை சிவப்பு வடிகட்டியைப் போல வேலை செய்பவை. நீலத்தைக் கறுப்பாக்கும், சிவப்பை வெளுப்பாக்கும். லைட்ரூம் என்ற எடிட் மென்பொருளில் கறுப்பு வெள்ளைக் கலவைக்குப் போய், சிவப்பை −40 முதல் −60 வரை இறக்குங்கள். வெயிலில் வெளிறிய பழைய காவி செம்மஞ்சள் பக்கம் சாய்ந்திருக்கும், ஆகவே செம்மஞ்சளையும் −20 அளவு. வானத்துக்கு நீலத்தைத் தனியே −30. அதற்குக் கீழே போனால் பட்டையின் விளிம்பில் வெள்ளைக் கோடு முளைக்கும், வானத்தில் புள்ளி கிளம்பும்.

பட்டை மதிலில் ஒரு பாகைச் சாய்வுகூடக் கண்ணைக் குத்தும். எடுத்த படத்தில் இடது ஓரப் பட்டையின் அகலத்தையும் வலது ஓரப் பட்டையின் அகலத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இடது பெரிதென்றால் கமரா மதிலுக்குச் சமாந்தரமாக இல்லை, இடப்பக்க மதில் கிட்ட இருக்கிறது. சமமாகும் வரை கமராவைத் திருப்புங்கள். சட்டகத்தை முழுப் பட்டையோடு முடியுங்கள். ஓரத்தில் மயிரிழை வெள்ளை மிஞ்சினால் பார்ப்பவரின் கண் அங்கேயே போய் நிற்கும். (நல்லூரில் கோயிலுக்குள் படம் எடுக்கத் தடை. வெளிவீதியிலிருந்து மட்டும்.)

கேள்வி (நல்லூர்): யாழ்ப்பாணப் பண்பாட்டு மையத்தின் 11 மாடிக் கட்டடம் என் படத்தில் பின்னால் சரிகிறது.

கமராவை அண்ணாந்து பிடிக்கிறீர்கள். எட்டப் போய்க் கமராவை மட்டமாகப் பிடித்து, கீழே தேவையில்லாமல் வரும் நிலத்தை வெட்டிவிடுங்கள். இடமில்லை என்றால் ஸ்னாப்சீட் செயலியின் பெர்ஸ்பெக்டிவ் கருவியில் நிமிர்த்தலாம். அது மேல் மூலைகளைத் தின்னும் என்பதால் சுற்றிவர இடம் விட்டு எடுங்கள். சரிவுதான் வேண்டுமென்றால் அடியில் நின்று செங்குத்தாக மேலே பாருங்கள். அரைகுறைச் சரிவு கைத்தவறு போலத்தான் தெரியும்.

கேள்வி (திருநெல்வேலி): எந்த ஒழுங்கைக்குப் போனாலும் மின்கம்பி.

கம்பியைத் தாண்டிச் சுவர்ப்பக்கம் போய் நில்லுங்கள். முடியாவிட்டால் எதிர்வீட்டு மேல்மாடியில் கேட்டு ஏறி, 100 மி.மீ.க்கு மேற்பட்ட லென்ஸால் எடுங்கள். ஒற்றைக் கம்பி மூலையிலிருந்து மூலைக்குப் போனால் விட்டுவிடலாம், அதுவும் ஒரு கோடுதானே. நாலைந்து சேர்ந்தால் குப்பை. வெறும் வானத்தில் அழிப்பது நொடி வேலை. ஓட்டுக்கூரையின் மேல் அழித்தால் வரி குழம்பும், அங்கே குளோன் கருவியால் ஓட்டு வரிசையைப் பார்த்துப் பார்த்து ஒட்ட வேண்டும். கம்பியை அழித்துவிட்டுச் சுவரில் கிடக்கும் அதன் நிழலை மறந்துவிடுபவர்கள் ஏராளம்.

கேள்வி (மானிப்பாய்): வானத்தில் மங்கலான புள்ளிகளும், வட்ட வட்டமாகப் படிகளும் வருகின்றன.

இரண்டும் வேறு வேறு. புள்ளி சென்சர் தூசி. எஃப்/16 இல் தெளிவாகத் தெரியும், எஃப்/8 இல் பெரும்பாலும் மறையும். வெறும் வானத்தை எஃப்/16 இல் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் எங்கே இருக்கிறதென்று தெரியும். கமராவின் வாயைக் கீழே பிடித்து ரப்பர் ஊதியால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படியும், பிறகு காசு கொடுத்துத்தான் துடைக்க வேண்டும்.

படிகள் ஜேபெக்கின் குறை. ஒரு நிறத்துக்கு 256 படிதான் அதில் உண்டு. வானத்தை இழுத்துத் திருத்தும்போது படிக்குப் படி இடைவெளி விழும். றோ கோப்பில் (கமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக்கோப்பு) எடுத்துத் திருத்தி, முடிவில் கிரெய்ன் (பொடிப்புள்ளித் தன்மை) 10–15 சேருங்கள். வாட்சப்பில் அனுப்பும்போது டொக்கியுமென்டாக அனுப்புங்கள்.

கேள்வி (சாவகச்சேரி): ஊர் ஊராகத் தண்ணீர்த் தாங்கிகளைத் தொடராக எடுக்க ஆசை. எப்படித் தொடங்குவது?

ஜெர்மனியின் பெர்ன்ட், ஹில்லா பெஹர் தம்பதியர் 1959 இலிருந்து இதைத்தான் செய்தார்கள்: மப்பு வானம், நேர்முகம், ஒவ்வொரு தாங்கியும் சட்டகத்தில் ஏறத்தாழ ஒரே அளவு. இங்கே நவம்பர், டிசம்பர் மழைக்காலத்து மப்பு கைகொடுக்கும். ஒரே லென்ஸ், உச்சிக்கு மேலே உயரத்தில் பத்தில் ஒரு பங்கு வெற்றிடம். முதல் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு அடுத்ததை அதோடு ஒப்பிட்டு எடுங்கள். ஒன்றை மட்டும் வெயிலில் எடுத்தால் தொடர் அங்கேயே அறுந்துவிடும். படை முகாமை அண்டிய தாங்கிகளை விட்டுவிடுங்கள். ட்ரோன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும்.

கேள்வி (சுன்னாகம்): போன் படத்தை ஏ3 அளவில் அச்சிடலாமா?

12 மெகாபிக்சல் படம் (4032×3024) ஏ3 இல் அங்குலத்துக்கு ஏறத்தாழ 244 பிக்சல் தரும். சுவரில் மாட்டப் போதும். பிரதான லென்ஸில் எடுத்து வெட்டாமல் இருந்தால்தான். இரு விரலால் இரண்டு மடங்கு பெரிதாக்கிய டிஜிட்டல் சூம் என்றால் உண்மையில் மிஞ்சுவது 3 மெகாபிக்சல், ஏ5 க்கு மேல் போகாதீர்கள். மட் (பளபளப்பில்லாத) தாளைக் கேளுங்கள். பளபளத் தாளில் பெரிய கறுப்பு நிழல் கண்ணாடியாகி, எதிரே உள்ள யன்னலைக் காட்டும். முழுத்தாளுக்கு முன் நிழலும் சுவரும் சந்திக்கும் ஒரு துண்டை மட்டும் ஏ4 இல் அடித்துப் பாருங்கள். திரையில் தெரிந்த நிழலின் விவரம் தாளில் கறுப்பாக அடைந்திருந்தால், நிழலை மட்டும் கொஞ்சம் ஏற்றிவிட்டு மறுபடி கொடுங்கள்.