இரண்டு செயலமர்வுக்குப் போயும் ஊழியர் மாறவில்லை – பதில்

உங்கள் குழந்தைப் பராமரிப்பு நிலைய ஊழியர் இரண்டு செயலமர்வுக்குப் போயும் மாறவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அவரை மூன்றாவது செயலமர்வுக்கு அனுப்பாதீர்கள். அதற்குப் பதிலாக வாரத்தில் அரை மணித்தியாலம் ஒதுக்கி, அவர் செய்கிற வேலையைப் பார்த்து அவரோடேயே இருந்து கதையுங்கள். கொக்குவிலில் இருக்கிற உங்கள் நிலையத்தில் அவர் ஒன்றரை வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தையும் பேசாமல் பம்பஸ் மாற்றுகிறார் என்றுதானே எழுதினீர்கள்?

அவர் படித்தது முன்பள்ளிப் பயிற்சியாக இருக்கக்கூடும்: பாட்டு, கதை, வரைதல். இந்த வயதுப் பிள்ளைகளின் அறையில் பாடம் நடப்பதே சோறு தீத்தும்போதும் உடுப்பு மாற்றும்போதும்தான். அதை அவர் வெறும் துப்புரவு வேலையாக நினைக்கிறார். ஒருவரும் அவருக்கு வேறுமாதிரிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சோதித்துப் பாருங்கள்:

1. அவரிடம் சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் ஒரு பக்கமாக இருந்து, பேசாமல் கவனியுங்கள். பிள்ளை எத்தனை தரம் அவரைப் பார்த்தது, சத்தம் போட்டது, அதில் எத்தனைக்கு அவர் பதில் கொடுத்தார் என்று கோடு போடுங்கள்.

2. அன்றைக்கே, முதலில் அவர் நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லுங்கள். பிறகு, "தலையைத் திருப்பினபோது பிள்ளை என்ன சொல்லப் பார்த்தது?" என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்ல வேண்டாம்.

3. இரண்டு கிழமைக்கு ஒரே மாற்றம்: பிள்ளையைத் தூக்க முன்னம் அதனிடம் "அம்மாச்சி, தூக்கப்போறன்" என்று சொல்லி, மனதுக்குள் ஐந்து எண்ணும் வரை காத்திருப்பது.

அவர் தனியாக இப்படி ஆறு பிள்ளைகளைப் பார்க்கிறார் என்றால் இது ஒன்றும் சரிவராது. முதலில் ஆள் சேருங்கள். நீங்கள் எடுக்கும் இந்தக் குறிப்புகளைச் சம்பள உயர்வுக்கும் பாவிக்காதீர்கள், பாவித்தால் நீங்கள் நிற்கும்போது மட்டும் பேசுவார்.