மின்சார ஸ்கூட்டருக்குப் பேட்டரியை வாடகைக்கு எடுப்பதா, சேர்த்தே வாங்குவதா?

திருமங்கலத்திலிருந்து மதுரைக்குத் தினமும் வேலைக்கு வந்து போகும் நீங்கள், ஸ்கூட்டரைப் பேட்டரியோடு வாங்கலாமா, கிலோமீட்டர் கணக்கில் பேட்டரிக்கு வாடகை கட்டும் திட்டத்தில் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலூரிலிருந்து மாட்டுத்தாவணி வழியாக நகருக்குள் வந்து போகும் நான் பேட்டரியோடுதான் வாங்கினேன். உங்களுக்கும் அதையே பரிந்துரைப்பேன்.

ஹீரோ நிறுவனம் 2025 ஜூலையில் விடா விஎக்ஸ்2 கோ ஸ்கூட்டரை அறிமுகப்படுத்தியபோது அதன் ஷோரூம் விலை 99,490 ரூபாய். வாடகைத் திட்டத்தில் 59,490 ரூபாயும் கிலோமீட்டருக்கு 96 காசும். வித்தியாசம் 40,000 ரூபாய். போக வர நாற்பது கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்று வைத்துக்கொண்டால் உங்கள் ஓட்டம் 1,000 கிலோமீட்டர், வாடகை 960 ரூபாய். அந்த 40,000 ரூபாயைப் பத்து சதவீத வட்டியில் மூன்றாண்டுக் கடனாக வாங்கினால் தவணை மாதம் சுமார் 1,290 ரூபாய். கட்டி முடிக்கும்போது ஏறக்குறைய 46,500 ரூபாய் ஆகியிருக்கும். வாடகையும் நான்கு ஆண்டுகளில் அதே தொகையைத் தொட்டுவிடும். கடன் மூன்றாம் ஆண்டோடு தீர்ந்துவிடும், வாடகையோ ஒப்பந்தம் உள்ளவரை தொடரும். மின்கட்டணம் இரண்டு வழியிலும் உங்கள் தலையில்தான்.

குறைவாக ஓட்டுபவருக்கு வாடகை லாபம் என்று தோன்றும். செல்லூரில் வீடும் விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையும் வைத்திருக்கும் என் சித்தப்பா மகன் அப்படி நம்பித்தான் வாடகைத் திட்டத்தில் சேர்ந்தான். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாதத்துக்கு இத்தனை கிலோமீட்டருக்கான பணத்தைக் கட்டியே ஆக வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்ததை, முதல் மாதக் கணக்கு வந்தபோதுதான் பார்த்தான். கையெழுத்துப் போடும் முன் அந்தக் குறைந்தபட்ச அளவு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வாடகைக்கு ஆதரவாகச் சொல்லத்தக்க வலுவான காரணம் ஒன்று உண்டு: பேட்டரி தேய்ந்தால் நட்டம் உங்களுடையதல்ல. நம் ஊரில் இது சாதாரண விஷயமில்லை. லித்தியம் பேட்டரி வெப்பத்தில் விரைவாக மூப்படையும். சித்திரை வெயிலில் நாள் முழுக்கத் திறந்தவெளியில் நின்ற வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்ததும், சூடு தணியும் முன்பே சார்ஜில் போடுவது அதன் ஆயுளைக் குறைக்கும். நான் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகே சார்ஜ் போடுகிறேன். ஆனால் நீண்ட கால உத்தரவாதம் கிடைக்கும் வண்டியாகப் பார்த்து வாங்கினால் இந்தப் பயத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். பேட்டரியின் திறன் எத்தனை சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மாற்றித் தருவார்கள் என்பதுதான் அதில் கவனிக்க வேண்டிய வரி. 2010-இல் ஒரு யூனிட் (கிலோவாட்-மணி) மின்சாரத்தைச் சேமிக்கும் திறனுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் இருந்த லித்தியம் பேட்டரியின் சராசரி விலை 2024-இல் 115 டாலர் அளவுக்கு இறங்கியிருப்பதால், சில ஆண்டுகள் கழித்து மாற்ற நேர்ந்தாலும் இன்றைய விலையை வைத்து அஞ்ச வேண்டியதில்லை.

விற்கும் நாளையும் இப்போதே யோசியுங்கள். ஐரோப்பாவில் ரெனோ நிறுவனம் தன் ஸோயி காரைப் பேட்டரி வாடகையோடு விற்றது. அதைப் பழைய காராக வாங்க வந்தவர்கள் அந்த ஒப்பந்தத்தையும் ஏற்க வேண்டியிருந்ததால் தயங்கினார்கள், பிறகு நிறுவனமே அந்த முறையைக் கைவிட்டது. இங்கும் வாடகை ஒப்பந்தம் நிலுவையில் உள்ள ஸ்கூட்டரை வாங்க வருபவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார். முன்கூட்டியே முடித்துக்கொள்ள எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் அதனால் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஷேர் ஆட்டோ ஓட்டுபவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். சார்ஜ் ஏறும் வரை காத்திருக்கும் நேரம் அவருக்கு வருமான இழப்பு. தீர்ந்த பேட்டரியைக் கொடுத்துவிட்டு நிறைந்ததை மாட்டிக்கொண்டு கிளம்பும் நிலையம் அவர் ஓடும் பாதையிலேயே இருக்குமானால் வாடகைதான் அவருக்குப் பொருந்தும்.