ஒரே டீமில் மூன்று வாக்கர்: லீட்ஸுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சொல்லிவிடுகிறேன். திருப்பூரிலிருந்து லீட்ஸுக்கு வேலைக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் டீமில் மூன்று பேருக்குக் குடும்பப் பெயர் வாக்கர். ஒருவர் பார்ன்ஸ்லிக்காரர், ஒருவர் ஸ்காட்லாந்து, மூன்றாமவர் ஜமைக்கா வழி வந்த கறுப்பினப் பெண். மூவரும் சொந்தக்காரர்களா, இது நம்மூர்ச் சாதிப்பெயர் மாதிரி ஏதாவதா, கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா என்பது ஒரு கேள்வி. 'சர்நேம்' கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டதால் வங்கிக் கடிதமெல்லாம் 'மிஸ்டர் பழனிசாமி' என்று வருகிறது, ஒரு நல்ல குடும்பப் பெயராக மாற்றிக்கொள்ளலாமா என்பது இன்னொன்று.

சொந்தமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சாதியும் இல்லை. கேட்கலாம், ஆனால் மூன்றாமவரிடம் கேட்கும் விதம் வேறு. இனி விவரமாகச் சொல்கிறேன். நீங்கள் துணி ஊரிலிருந்து வந்தவர், இந்தப் பெயரும் துணி வேலையிலிருந்து வந்தது. அதனால் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

வாக்கர் என்பவர் கம்பளித் துணியின் மேல் நடந்தவர். தறியிலிருந்து இறங்கும்போது கம்பளித் துணி தளர்வாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். நூற்கும்போது வழுவழுப்புக்காக எண்ணெயோ வெண்ணெயோ தடவியிருப்பார்கள். அதை அப்படியே உடுத்த முடியாது. பெரிய தொட்டியில் போட்டு, தண்ணீரும் நாள்பட்ட மூத்திரமும் ஊற்றி, ஒருவகைக் களிமண்ணும் சேர்த்து, மணிக்கணக்கில் காலால் மிதிப்பார்கள். ஆமாம், மூத்திரம்தான். புளித்த மூத்திரத்தில் இருக்கும் அமோனியா பிசுக்கை அறுத்துவிடும். சோப்பு மலிவாவதற்கு முன்பு, லீட்ஸும் பார்ன்ஸ்லியும் இருக்கும் இந்த யார்க்ஷயர் பகுதியில் வீடு வீடாகப் போய் இதைச் சேகரித்திருக்கிறார்கள். அந்தக் களிமண் நமக்குத் தெரிந்ததுதான். முகத்தில் பூசும் முல்தானி மட்டியும் அதே வகை மண். இங்கிலாந்தில் சர்ரே பக்கத்தில் தோண்டி எடுத்தார்கள். கம்பளிக்கு அது அவ்வளவு முக்கியம் என்பதால் 17-ம் நூற்றாண்டில் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே தடை போட்டிருந்தார்கள்.

மிதிக்க மிதிக்க கம்பளி இழைகளின் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கும், தடிக்கும். குளிருக்கும் மழைக்கும் தாங்குகிற துணி அப்போதுதான் கிடைக்கும். பருத்தி இப்படி இறுகாது, அதனால் திருப்பூரில் இந்த வேலையே இல்லை. ஆனால் இதற்கு அடுத்த வேலை உங்களுக்கு நன்றாகத் தெரியும். நனைந்த துணியை நீளமான மரச்சட்டத்தில் இரண்டு ஓரங்களையும் கொக்கிகளில் மாட்டி, இழுத்துக் கட்டி, வெயிலில் காய வைத்தார்கள். அந்தச் சட்டத்துக்கு டென்டர் என்று பெயர். உங்கள் ஊர் பிராசஸிங் யூனிட்களில் ஓடுகிற ஸ்டென்டர் மெஷின் அதன் வாரிசு, பெயர் உட்பட. யார்க்ஷயர் ஊர்களில் டென்டர் என்று தொடங்கும் தெருப்பெயரைப் பார்த்தால் அங்கே ஒரு காலத்தில் துணி காய்ந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இதே வேலைக்கு இங்கிலாந்தில் மூன்று பெயர்கள் இருந்தன. வடக்கிலும் மேற்கு மிட்லண்ட்ஸிலும் வாக்கர். லண்டனைச் சுற்றிய தென்கிழக்கிலும் கிழக்கு ஆங்லியாவிலும் ஃபுல்லர். டெவன், கார்ன்வால், சாமர்செட் பக்கம் டக்கர். எக்ஸிட்டரில் 1471-ல் கட்டிய டக்கர்ஸ் ஹால் என்ற சங்கக் கட்டடம் இன்றும் நிற்கிறது. ஒருவர் பெயர் இந்த மூன்றில் எது என்று தெரிந்தால், தந்தை வழியில் அறுநூறு வருடத்துக்கு முன் அவர் குடும்பம் நாட்டின் எந்த மூலையில் இருந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். வேல்ஸில் துணி மிதிக்கும் ஆலைக்கே பாண்டி என்று பெயர்; அங்கே டோனிபாண்டி என்று ஓர் ஊர் உண்டு. நம்மூர்ப் பாண்டிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, உற்சாகப்பட வேண்டாம்.

காட்டில் ரோந்து போன காவலருக்குத்தான் வாக்கர் என்று பெயர் வந்தது என்ற கதையையும் சிலர் சொல்வார்கள். அங்கொன்று இங்கொன்று இருக்கலாம். ஆனால் பெயர் மிகுந்திருக்கும் இடங்கள் கம்பளி ஊர்களாக இருக்கும்போது காட்டை இழுக்கத் தேவையில்லை என்பது என் கட்சி. நியூகாசிலில் வாக்கர் என்று ஒரு பகுதியே இருக்கிறது. அது ரோமானியர் கட்டிய சுவரை ஒட்டிய சதுப்பு நிலத்தைக் குறிக்கும் ஊர்ப்பெயர், வேறு வழியில் வந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு எல்லோரும் போகிற டெம்பிள் நியூசம் என்ற லீட்ஸ் மாளிகைப் பூங்கா இருக்கிறதே, அந்த இடம் 12-ம் நூற்றாண்டில் டெம்ப்ளர் என்ற போர்த்துறவிகளின் சொத்து. 1185-ல் அவர்கள் தங்கள் நிலபுலங்களைக் கணக்கெடுத்தபோது அங்கே தண்ணீரில் ஓடும் துணி மிதிக்கும் ஆலை ஒன்றையும் குறித்து வைத்தார்கள். இங்கிலாந்தில் இத்தகைய ஆலை பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளில் அதுவும் ஒன்று. நீர்ச்சக்கரம் சுழல, கனமான மரச் சம்மட்டிகள் மாறி மாறித் தொட்டியில் விழும். காலுக்கு வேலை இல்லை. எலினோரா கேரஸ்-வில்சன் என்ற வரலாற்றாசிரியர் இதை 13-ம் நூற்றாண்டின் தொழிற்புரட்சி என்றே 1941-ல் எழுதினார். பின்னால் வந்தவர்கள் அது கொஞ்சம் மிகை என்றார்கள். எப்படியோ, இங்கிலாந்தில் குடும்பப் பெயர்கள் பரம்பரையாக நிலைத்தது பெரும்பாலும் 1250-லிருந்து 1400 வரை. வடக்கில் இன்னும் தாமதம். அதாவது, வாக்கர் என்ற பெயர் குடும்பங்களில் ஒட்டிக்கொண்ட காலத்தில் பல இடங்களில் நடக்கிற வேலையே போய்விட்டது. ஆலையை ஓட்டியவர்களுக்கும் பழைய பெயரே நின்றது.

1379-ல் தலைவரி வசூலித்தபோது எழுதிய பட்டியல்கள் மேற்கு யார்க்ஷயருக்கு நன்றாகவே பிழைத்திருக்கின்றன. அவற்றில் பெயரும் தொழிலும் ஒத்துப்போகிறவர்களும் உண்டு, பெயர் ஒன்று தொழில் வேறு என்று இருப்பவர்களும் உண்டு. பெயர் தொழிலை விட்டுக் கழன்றுகொண்டிருந்த காலம் அது.

ஏன் இத்தனை வாக்கர்கள் என்று கேட்பீர்கள். ஊரில் எல்லோரும் செய்கிற வேலை பெயராகாது. எல்லோரும் ஏர் ஓட்டும் ஊரில் 'உழவர்' என்றால் யாரைச் சொல்வது? ஊருக்கு ஒருவர் இருவர் மட்டும் செய்கிற, எல்லோருக்கும் தேவைப்படுகிற வேலைதான் பெயராக நிற்கும். கொல்லர் அப்படி, அதனால்தான் ஸ்மித் முதலிடத்தில் இருக்கிறது. கம்பளி நாட்டில் துணி மிதிப்பவரும் அப்படியே. ஊர் ஊருக்குத் தனித்தனியாக இந்தப் பெயர் முளைத்தது. வாக்கர் இங்கிலாந்தின் முதல் இருபது பெயர்களுக்குள் இருப்பதற்கு அதுதான் முதல் காரணம். பிறகு 18, 19-ம் நூற்றாண்டுகளில் யார்க்ஷயரும் லங்காஷயரும் ஆலைகளால் பெருத்தபோது வடக்குப் பெயர்களும் கூடவே பெருகின. இங்கே ஆர்ம்லியில் 1788-ல் தாமஸ் லாயிட் கட்டிய ஆலையில் ஐந்து நீர்ச்சக்கரங்கள், பதினெட்டு மிதிக்கும் சம்மட்டிகள். இப்போது அந்த இடம் அருங்காட்சியகம். ஒரு மழை நாளில் போய்ப் பாருங்கள், மழை நாளுக்கு இங்கே பஞ்சமில்லை.

சொந்தமா என்ற கேள்விக்கு ரத்தமே பதில் சொல்லியிருக்கிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும், தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமை, ஒரே குடும்பப் பெயர் கொண்ட ஆண்களிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அட்டன்பரோ மாதிரி அரிதான பெயர் கொண்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஒரே மூதாதையின் வழி. ஸ்மித்களோ, தெருவில் போகும் யாரோ இருவரைப் போலத்தான். பெயரைத் தவிர ஒற்றுமை இல்லை. பல இடங்களில் முளைத்த வாக்கருக்கும் அதே கதைதான் பொருந்தும். மேற்கு யார்க்ஷயரில் சட்கிளிஃப், பாராக்ளஃப் என்று ஓர் இடத்தின் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டவர்கள் இரண்டு பேரைச் சந்தித்தால் சொந்தமா என்று தாராளமாகக் கேளுங்கள், பெரும்பாலும் எங்கோ ஒரு கிளை ஒட்டும்.

உங்கள் ஸ்காட்லாந்துக்காரர் வேறு வகை. அங்கே துணி மிதிப்பவர் மகன் என்று பொருள்படும் கேலிக் மொழிப் பெயரை வைத்திருந்த சில குடும்பங்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது வாக்கர் ஆனார்கள். கில்மார்னக்கில் 1820-ல் மளிகைக் கடை திறந்த ஜான் வாக்கரை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஜானி வாக்கர் விஸ்கி பாட்டிலில் தொப்பியோடு நடந்து போகிற ஆளை 1908-ல் வரைந்தார்கள். பெயரின் பழைய பொருள் அப்போதே பொதுமக்களுக்கு மறந்துபோயிருந்தது என்பதற்கு அந்தப் படமே சாட்சி. நீங்கள் மதியம் கொறிக்கும் வாக்கர்ஸ் சிப்ஸ் லெஸ்டர்க் கசாப்புக் கடைக்காரர் ஹென்றி வாக்கரின் பெயர். போருக்குப் பிறகு இறைச்சிக்கு ரேஷன் இருந்ததால் 1948-ல் அந்த நிறுவனம் உருளைக்கிழங்கு வறுக்க ஆரம்பித்தது. விஸ்கிக்காரருக்கும் சிப்ஸ்காரருக்கும் உறவு கிடையாது.

இனி மூன்றாமவர். அமெரிக்காவில் 2010 கணக்கெடுப்பில் 5,23,129 பேர் வாக்கர். பெயர் வரிசையில் 31-வது இடம். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கறுப்பினத்தவர். கரீபியனிலும் இந்தப் பெயர் பரவலாக உண்டு. அங்கே இது துணியோடு போன பெயர் அல்ல. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் சொந்தப் பெயர்கள் அழிக்கப்பட்டு, தோட்ட முதலாளி பெயரோ, மேற்பார்வையாளர் பெயரோ, ஞானஸ்நானத்தில் வைத்த பெயரோ, விடுதலைக்குப் பின் தாங்களே தேர்ந்த பெயரோ அவர்களிடம் நின்றது. ஜமைக்காவில் முழு விடுதலை 1838 ஆகஸ்ட் 1-ல் வந்தது. 1948-க்குப் பிறகு கரீபியனிலிருந்து இங்கே குடியேறியவர்களோடு வாக்கர் என்ற பெயரும் அட்லாண்டிக்கைத் திரும்பக் கடந்து யார்க்ஷயருக்கே வந்து சேர்ந்தது. ஆகவே பார்ன்ஸ்லிக்காரரிடம் 'உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம்' என்று தேநீர் இடைவேளையில் கேளுங்கள், யார்க்ஷயர்க்காரர்கள் இதைப் பேசினால் நிறுத்த மாட்டார்கள். அந்தப் பெண்ணிடம் 'இது ஆங்கிலேயப் பெயராச்சே, உங்களுக்கு எப்படி' என்று கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாதி பற்றி. தொழிலில் பிறந்த பெயர் என்றதும் நமக்கு அந்தப் பக்கம் புத்தி போவது இயல்பு. ஆனால் இங்கே ஸ்மித் வீட்டில் பெண் எடுக்க வாக்கர் யோசித்ததில்லை. கொல்லர் பெயர் கொண்டவர் நீதிபதியாக இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வர்க்கம் இந்த ஊரில் பலமாக இருக்கிறது, அதில் ஏமாற வேண்டாம். அதைப் பேச்சு வழக்கிலும் படித்த பள்ளியிலும் மோப்பம் பிடிப்பார்களே ஒழிய, வாக்கர், டெய்லர் மாதிரிப் பெயர்களில் அல்ல. சுற்றுலாக் கடைகளில் 'வாக்கர் குலச் சின்னம்' என்று சாவிக்கொத்து விற்பார்கள், நண்பருக்குப் பரிசாக வாங்கிவிடாதீர்கள். கேடயச் சின்னம் இங்கே ஒரு நபருக்கும் அவர் வாரிசுகளுக்கும் தரப்படுவது, ஒரு பெயர் கொண்ட எல்லோருக்கும் சொந்தமல்ல.

சரி, உங்கள் பெயருக்கு வருவோம். அப்பா பெயரைக் கடைசியில் வைப்பது இவர்களுக்குப் புதிதல்ல. ஜான்சன், வாட்சன் எல்லாம் அப்படி நின்ற பெயர்கள். வேல்ஸில் நம்மைப் போலவே தலைமுறைக்குத் தலைமுறை அப்பா பெயர் மாறிக்கொண்டிருந்தது. ரீஸின் மகன் என்பது பிரைஸ் ஆகவும், ஹவலின் மகன் என்பது பவல் ஆகவும் பிறகு உறைந்தன. மாற்றுவது சட்டப்படி எளிதுதான். ஏமாற்றும் நோக்கம் இல்லாதவரை ஒருவர் விரும்பிய பெயரில் வழங்கலாம் என்பது இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டம், அதற்குச் சான்றாக டீட் போல் என்ற பத்திரம் எழுதிக்கொள்வார்கள். ஆனால் நீங்கள் இந்தியக் குடிமகன். பாஸ்போர்ட்டை மாற்றாமல் இங்கே மட்டும் மாற்றினால் இரண்டு பெயரோடு அலைவீர்கள். என்னைக் கேட்டால் வேண்டாம். ஆபீஸில் எல்லோரும் முதல் பெயரைத்தான் கூப்பிடுகிறார்கள், வங்கிக் கடிதம் அப்பா பெயரில் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

குழந்தை பிறந்தால் மட்டும் யோசியுங்கள். பிறப்பைப் பதியும்போது எந்தப் பெயரையும் குடும்பப் பெயராகத் தரலாம். நம் வழக்கப்படி உங்கள் பெயரைப் பிள்ளைக்குக் கடைசியில் வைத்தால், உங்கள் பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் பழனிசாமியாக இருக்கும், பிள்ளைக்கு வேறாக இருக்கும். திரும்பி வரும்போது விமான நிலையத்தில் 'இது உங்கள் பிள்ளையா' என்று கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழைக் கைப்பையில் வைத்துக்கொண்டால் போதும். அல்லது பழனிசாமியையே பிள்ளைக்கும் தொடரலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள்: பாஸ்போர்ட், ஈ-விசா, வங்கி, சம்பளச் சீட்டு, டாக்டரிடம் பதிந்தது, இந்த ஐந்திலும் பழனிசாமிக்கு ஒரே எழுத்துக்கூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் 'சாமி', இன்னொன்றில் 'ஸ்வாமி' என்று இருந்தால் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மற்றதைத் திருத்தச் சொல்லி இந்த வாரமே எழுதிவிடுங்கள். வீடு வாடகைக்கு எடுக்கும்போது ஏஜெண்ட் முதலில் பிடிப்பது அதைத்தான்.