தொகையைப் பார்த்தீர்கள், தேதியைப் பார்த்தீர்களா?

பயணக் காப்பீட்டு க்ளைம்களைப் பரிசீலிக்கும் மேஜையில் பல வருடம் உட்கார்ந்து எழுந்தவன் நான். வெளிநாட்டில் மாதக்கணக்கில் தங்கப் போகிறவர்கள் பாலிசியின் பொடி எழுத்தைப் பற்றிக் கேட்டு எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகனோடு ஐந்து மாதம் தங்கப் போகிறேன். ஏஜென்ட் ஒரு மல்டி-ட்ரிப் பாலிசியைக் கொடுத்து, ‘வருடம் முழுக்கச் செல்லும்’ என்கிறார். பிரீமியமும் குறைவு. இது போதுமா சார்?

போதாது டீச்சர். மல்டி-ட்ரிப் என்றால் ஒரே பாலிசியில் பல பயணம் போகலாம். வருடம் முழுக்க என்பது பாலிசியின் ஆயுள். ஒரு பயணம் எத்தனை நாள் இருக்கலாம் என்பது தனிக் கணக்கு. பாலிசியோடு வரும் அட்டவணையின் ஒரு மூலையில் ‘ஒரு பயணத்துக்கு அதிகபட்ச நாட்கள்’ என்று 30, 45, 60 என ஏதாவது ஓர் எண் இருக்கும். அதைத் தேடிப் பாருங்கள்.

45 என்று இருந்தால் 46-ஆம் நாளிலிருந்துதானே கவர் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். சில பாலிசிகளில் அப்படித்தான். வேறு சிலவற்றில், கிளம்பும்போதே அதற்கு மேல் தங்கத் திட்டமிட்டிருந்தால் முதல் நாளிலிருந்தே கவர் கிடையாது. என் திட்டம் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்பீர்கள். ரிட்டர்ன் டிக்கெட்டில் தேதி இருக்கிறதே! க்ளைம் ஃபைல் வந்ததும் நான் முதலில் புரட்டியது டிக்கெட்டைத்தான். மருத்துவமனை பில்லெல்லாம் அப்புறம்தான்.

ஐந்து மாதத்தையும் ஒரே பயணமாக ஏற்கிற லாங்-ஸ்டே பாலிசியைக் கேளுங்கள். திரும்பும் தேதிக்கு மேல் பத்துப் பதினைந்து நாள் கூட்டியே வாங்குங்கள். நடுவில் ஏதாவது விசேஷத்துக்கு ஊருக்கு வந்து போகிற எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். சொந்த நாட்டில் கால் வைத்ததுமே முடிந்துபோகிற பாலிசிகள் உண்டு.

அங்கே போன பிறகு பாலிசியை நீட்டிப்பது சுலபமா?

நீட்டிப்பது சுலபம். நானே ஐந்து நிமிடத்தில் செய்திருக்கிறேன். என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற மறுவருடம் மகள் வீட்டுக்கு நான்கு மாதத்துக்குப் போனேன். மூன்றாவது மாதம் விலாவுக்குக் கீழே சுருக்கென்று ஒரு வலி. ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகக் கல், 5 மில்லிமீட்டர். ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள், தானே வெளியேறிவிடும்’ என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அந்த பில்லைக் காப்பீட்டு நிறுவனம் மறுபேச்சில்லாமல் கொடுத்தது. கிளம்பும் நேரம் பேத்தி விடவில்லை. சரி, இன்னும் இரண்டு மாதம் இருப்போம் என்று மகளின் லேப்டாப்பில் எக்ஸ்டென்ஷன் போட்டேன். ‘ஏற்கெனவே க்ளைம் செய்ததுண்டா?’ என்ற கட்டத்தில் ஒளிக்காமல் ‘ஆம்’ என்றே டிக் செய்தேன். பணம் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

நீட்டித்த பிறகு ஆறாவது வாரம், ராத்திரி இரண்டு மணி. கல் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. கார் பின்சீட்டில் நான் சுருண்டு கிடக்க, மகள் ஓட்டினாள். இந்த முறை க்ளைம் மறுக்கப்பட்டது. கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: நீட்டிப்புக் காலம் ஒரு தனி ஒப்பந்தம், அது தொடங்கும் முன்பே இருந்த நோய்க்கு இதில் கவர் இல்லை. அந்த வாசகத்தை எத்தனையோ பேருக்கு நானே டைப் செய்து அனுப்பியிருக்கிறேன். முழுசாகக் கோபப்படக்கூட முடியவில்லை.

ஆகவே இரண்டு விஷயம் கேளுங்கள். நீட்டித்தால் அதே ஒப்பந்தம் தொடருமா, புதிதாக ஒன்று தொடங்குமா? முதலிலேயே அதிக மாதங்களுக்கு எடுத்துவிட்டு முன்னதாகத் திரும்பினால், மிச்ச மாதங்களுக்குப் பணம் திரும்புமா? க்ளைம் எதுவும் செய்யாதவர்களுக்குச் சில நிறுவனங்கள் கொடுக்கின்றன. அப்படிக் கிடைத்தால் நீளமாக வாங்குவதே புத்திசாலித்தனம். எக்ஸ்டென்ஷன்தான் என்றாலும் பழையது முடிவதற்குள் போட்டுவிட வேண்டும். ஒரு நாள் விட்டுப்போனாலும் நீங்கள் ‘ஏற்கெனவே வெளிநாட்டில் இருப்பவர்’. பல நிறுவனங்கள் அப்படிப்பட்டவருக்குப் புதுப் பாலிசி தருவதில்லை. தருகிறவர்களிலும் சிலர், முதல் சில நாட்களில் வரும் நோய்க்குக் கவர் இல்லை என்று காத்திருப்புக் காலம் வைப்பார்கள்.

பத்து வருடமாக எனக்குச் சர்க்கரையும் பிரஷரும். மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. ஃபார்மில் எழுதினால் பிரீமியம் ஏறும், எழுதாதே என்கிறான் தம்பி.

நாளைக்கு பில் வந்தால் கட்டுவதற்குத் தம்பி தயாரா என்று கேட்டுப் பாருங்கள்.

அட்மிஷன் போடும்போது நர்ஸ் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, ‘தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?’ நீங்கள் உண்மையைச் சொல்வீர்கள், சொல்லத்தான் வேண்டும். அது கேஸ் ஷீட்டில் ஏறும், கேஸ் ஷீட் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போகும். மறைத்தது சர்க்கரையாக இருக்க, எலும்பு முறிவுக்கான க்ளைமும் சேர்ந்து ஆட்டம் காணலாம்.

எழுதிவிட்டால் மட்டும் ஆயிற்றா என்றால், இல்லை. ‘நோய் நிலையாக இருக்க வேண்டும்’ என்று ஒரு நிபந்தனை இருக்கும், பாலிசி தொடங்கும் முன் 90 நாள், 180 நாள் என்று. நிலையாக என்பதற்கு அவர்கள் அகராதியே வேறு. மாத்திரையின் அளவைக் கூட்டினால் மட்டுமல்ல, குறைத்தாலும் பல பாலிசிகளில் அது ‘மாற்றம்’தான். டாக்டர் எழுதிக்கொடுத்த டெஸ்ட்டை எடுக்காமல் கிளம்பியிருந்தாலும் சிக்கல். இதற்குப் பயந்து டாக்டர் மாற்றச் சொன்ன மருந்தை மாற்றாமல் இருந்துவிடாதீர்கள். மாறியதை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை எழுத்திலேயே வாங்கி வையுங்கள். ஏஜென்ட் போனில் ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்றது ஃபைலில் இருக்காது.

இன்னொரு வாசகம்: ‘ஏற்கெனவே உள்ள நோயின் திடீர்த் தாக்குதலுக்குக் கவர் உண்டு.’ விளம்பரத்தில் பெரிதாக இருக்கும். வரையறைகள் என்ற பக்கத்துக்குப் போய்த் ‘திடீர்’ என்றால் என்ன என்று பாருங்கள். முன் அறிகுறி எதுவும் இருந்திருக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டும், குறிப்பிட்ட வயதைத் தாண்டியவருக்கு இந்தச் சலுகையே இல்லை என்றெல்லாம் இருக்கும். வெள்ளிக்கிழமை நெஞ்சு கரித்தது, வாயு என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமை போனேன் என்று டாக்டரிடம் சொன்ன ஒருவருடைய ஃபைல் இன்னும் நினைவிருக்கிறது. அந்த ‘வெள்ளிக்கிழமை’யின் கீழே யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள்.

விசாவுக்குக் கேட்ட தொகைக்கு எடுத்துவிட்டேன். அது போதும்தானே?

விசா கிடைக்கப் போதும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ, அங்கே இருப்பவர்களின் பெற்றோர், தாத்தா பாட்டிக்குக் கனடா தரும் சூப்பர் விசாவுக்குக் குறைந்தது 1,00,000 கனடா டாலர் என்பது உள்ளே விடுவதற்கான வரம்பு. உங்கள் ஆபரேஷன் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டு வைத்ததல்ல. பெரிய தொகைக்கு அடியில் அறைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு, சர்ஜனுக்கு இவ்வளவு என்று குட்டிக் குட்டி வரம்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். டிடக்டிபிள், அதாவது பில்லில் முதலில் நீங்களே கட்ட வேண்டிய பங்கு, 250 டாலர் என்றால் அது பாலிசிக்கு ஒரே ஒரு முறையா, ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியா? ஆறு மாதம் தங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

நண்பர்களோடு எட்டு மாதச் சுற்றுப்பயணம். அங்கங்கே ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்போம். கவர் ஆகுமா?

அந்த நாட்டில் செல்லும் லைசென்ஸ், தலையில் ஹெல்மெட், வயிற்றில் மது இல்லாமை, இது மூன்றும் இருந்தால் பேசலாம். பல பாலிசிகள் 125 சிசியோடு நிறுத்திக்கொள்கின்றன. உங்களுக்குப் பட்ட அடிக்கு மட்டும்தான் பேச்சு. நீங்கள் இடித்தவருக்குத் தர வேண்டிய நஷ்டஈட்டைப் பயணப் பாலிசி பொதுவாக ஏற்காது. அதற்கு, ஸ்கூட்டரை வாடகைக்குத் தருகிறவரிடம் காப்பீடு இருக்கிறதா என்று பாருங்கள்.

நிலைமை மோசமானால் விமானத்தில் ஊருக்கே கொண்டுவந்து விடுவார்களா?

பெரும்பாலும் ‘தகுந்த வசதியுள்ள மிக அருகிலுள்ள மருத்துவமனை’ வரைக்கும்தான். அது பக்கத்து நகரமாக இருக்கலாம், பக்கத்து நாடாகவும் இருக்கலாம். ஊருக்கு அனுப்புவதா என்பதைச் சிகிச்சை தரும் டாக்டரிடம் பேசி, நிறுவனத்தின் டாக்டர் முடிவு செய்வார். பறக்கலாம் என்று அவர்கள் சொல்லி நீங்கள் மறுத்தால், அதன் பிறகு ஆகும் செலவை நிறுத்திக்கொள்ளும் ஷரத்தும் உண்டு. நாமே ஏர் ஆம்புலன்ஸ் பிடித்துவிட்டு பில்லை அனுப்பினால் கிடைப்பது சிரமம். அவர்களுடைய 24 மணி நேர உதவி எண்ணுக்கு முதலில் பேச வேண்டும். மயங்கிக் கிடப்பவர் போன் பண்ண முடியாதில்லையா? அதனால் அந்த எண்ணையும் பாலிசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி, கூட இருப்பவரிடம் கொடுத்து வையுங்கள். என் மகள் அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள்.