அறிவியலில் மூன்று எடுத்த மகளின் பெற்றோருக்கு

அன்புள்ள ஐயா, அம்மா,

சென்ற சனிக்கிழமை தாங்கள் இருவரும் மகளோடு வந்து பேசிவிட்டுச் சென்றபின், பிள்ளையின் முன்னால் சொல்ல இயலாத சிலவற்றை எழுத்தில் தருவதாகச் சொல்லியிருந்தேன். நம் மொரீஷியஸில் தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் ஆறாம் வகுப்பு பி.எஸ்.ஏ.சி. தேர்வில், ஒன்று என்பதே உயர்ந்த தரமாக இருக்க, மற்றப் பாடங்களில் ஒன்றும் இரண்டும் பெற்ற மகள் அறிவியலில் மட்டும் மூன்று பெற்றதும், அதே தேர்வில் அண்ணன் மகன் எல்லாப் பாடங்களிலும் ஒன்று வாங்கியதும், கோவிலில் உறவினர் அதைக் கேட்டதும் தங்களுக்கு எவ்வளவு வலித்தன என்பதை நான் கண்டேன். "இவளுக்கு இனி சயன்ஸ் சரிவராதா?" என்று ஐயா கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அப்படி எந்தக் கதவும் மூடப்படவில்லை.

தாங்கள் இருவரும் எழுதிய காலத்தில் இதற்குப் பதிலாக இருந்தது சி.பி.இ. தேர்வு. பதினொரு வயதில் எழுதும் அந்த ஒரு தேர்வு, எந்தக் கொலேஜில், அதாவது இடைநிலைப் பள்ளியில், இடம் கிடைக்கும் என்பதையும், அதன் வழியாகப் பிள்ளையின் எதிர்காலத்தையும் முடிவு செய்துவிடும் என்று ஒவ்வொரு வீட்டிலும் அஞ்சினார்கள். அந்த அச்சம் இன்னும் நம் நெஞ்சில் இருக்கிறது. தேர்வு மட்டும் 2017-இல் மாறிவிட்டது. இன்று ஏழாம் வகுப்புக்கு மண்டலப் பள்ளிகளில், வீட்டின் அருகாமையையும் பெற்றோரின் விருப்பத்தையும் கணக்கில் கொண்டு இடம் தருகிறார்கள். அகாடமிகள் எனப்படும் சிறப்புப் பள்ளிகளுக்கான சேர்க்கை, ஒன்பதாம் வகுப்பு முடிவில் எழுதும் என்.சி.இ. என்ற தேசியத் தேர்வுக்குப் பிறகுதான் வருகிறது. இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றுள் எதை எடுப்பது என்ற முடிவும் அதன் பின்னரே. பதினொன்றாம் வகுப்பில் எஸ்.சி. தேர்வு, பதின்மூன்றாம் வகுப்பில் பள்ளியிறுதித் தேர்வான எச்.எஸ்.சி. என்று இன்னும் ஏழு ஆண்டுகள் இருக்கின்றன. இந்த 'மூன்று' அங்கெல்லாம் கேட்கப்படப் போவதில்லை.

ஆனால் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடவும் நான் சொல்லமாட்டேன். எந்தக் கேள்வியில், ஏன் இழந்தாள் என்பதை மதிப்பெண் சீட்டு சொல்வதில்லை. அதனால்தான் அன்று அவளுடைய பயிற்சி நோட்டுகளைப் புரட்டி, சில கேள்விகளை மீண்டும் அவளிடம் கேட்டேன். அதில் கண்டதைத் தாங்கள் அறிய வேண்டும்.

ஒரே அளவுள்ள இரண்டு ஈரத்துணிகளில் ஒன்றை விரித்தும் ஒன்றை மடித்தும் போட்டால் எது முதலில் காயும், காரணம் தருக என்று ஒரு கேள்வி. "விரித்த துணி, ஏனெனில் அது விரிக்கப்பட்டிருக்கிறது" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். ஆசிரியர் பாதி மதிப்பெண்தான் கொடுத்திருந்தார். அதையே நாம் வீட்டில் பேசும் கிரியோல் மொழியில் கேட்டேன். மேட்டுநிலத்தில் உள்ள நம் ஊர் கியூர்பீப்பில் குளிர்காலத்தில் அம்மா படுக்கை விரிப்பை இரண்டு கம்பிகளுக்குக் குறுக்கே விரித்துப் போடுவதையும், மடித்துப் போட்டால் காற்று உள்ளே போகாமல் நாற்றம் எடுப்பதையும், விரித்தால் துணி முழுவதிலிருந்தும் தண்ணீர் போய்விடுவதையும் தடையின்றிச் சொன்னாள். அறிவியல் அவளிடம் இருக்கிறது. வீட்டில் கிரியோல், வினாத்தாளில் ஆங்கிலம் என்ற இடைவெளியில்தான் அது விழுந்துவிடுகிறது. 'ஸ்டேட்' என்றால் ஒரு வரி போதும், 'எக்ஸ்ப்ளெயின்' என்றால் காரணம் வேண்டும் என்பதும் அவளுக்குத் தெளிவாகத் தெரியவில்லை.

அடுத்தது இன்னும் நுட்பமானது. சர்க்கரையைத் தேநீரில் போட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு, கொடுக்கப்பட்ட சொற்களிலிருந்து 'உருகுகிறது' என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லைத் தேர்ந்திருந்தாள். இந்தத் தவற்றைப் பல பிள்ளைகளிடம் பார்க்கிறேன். கிரியோலில் சர்க்கரை தேநீரில் போவதற்கும் வெண்ணெய் சட்டியில் இளகுவதற்கும் 'ஃபொன்' என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம். பிரெஞ்சுப் பேச்சிலும் அப்படியே. தமிழில் சர்க்கரை கரைகிறது, வெண்ணெய் உருகுகிறது. கரைவதற்கு இன்னொரு பொருள் வேண்டும், உருகுவதற்கு வெப்பம் வேண்டும் என்ற வேறுபாடு அந்த இரண்டு சொற்களிலேயே இருக்கிறது. நான் 'கரை', 'உருகு' என்று தாளில் எழுதிக் காட்டியதும், தமிழ் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்து, தானாகவே விடையைத் திருத்தினாள். அறிவியலுக்கு நேரம் வேண்டும் என்பதற்காக ஏழாம் வகுப்பில் தமிழை விட்டுவிடலாமா என்று அம்மா கேட்டீர்கள். விடவேண்டாம் என்று அன்று நான் உடனே சொன்னதற்கு மொழிப்பற்று ஒரு காரணம்தான். இந்த இரண்டு சொற்கள் இன்னொரு காரணம்.

அவளுக்கு உண்மையிலேயே புரியாத இடமும் ஒன்று இருந்தது. குளிர்ந்த குவளையின் வெளிப்புறத்தில் துளிகள் எப்படி வருகின்றன என்று கேட்டபோது, உள்ளே இருப்பது கசிகிறது என்றாள். இதைப் புத்தகத்தை வைத்து விளக்காதீர்கள். ஒரு குவளையில் குளிர்ந்த இளஞ்சிவப்புப் பால் பானமான அலூடாவை ஊற்றி மேசையில் வையுங்கள். சற்று நேரத்தில் வெளியே துளிகள் திரளும். ஒரு வெள்ளைத் துணியால் துடைத்து, துளியின் நிறம் என்ன என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள். உள்ளிருந்து கசிந்திருந்தால் துணி சிவந்திருக்க வேண்டும். சிவக்கவில்லையே, அப்படியானால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் நீராவி குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகிறது என்ற விடையை அவளே சொல்லும்வரை பொறுத்திருங்கள். ஐயாவுக்கு இது கடினமாக இருக்கும், விடையை உடனே சொல்லிவிடத்தான் நமக்கெல்லாம் தோன்றும்.

அன்று புறப்படும்போது அவள் என்னிடம் ஒன்று கேட்டாள், தாங்கள் கவனித்தீர்களோ தெரியவில்லை. அப்பா வேலை செய்யும் தலைநகர் போர்ட் லூயியில் வெயில் அடிக்கும்போது கியூர்பீப்பில் மட்டும் ஏன் தூறுகிறது என்று கேட்டாள். தென்கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று நம் மேட்டுநிலத்தின்மேல் ஏறும்போது குளிர்கிறது. அதிலுள்ள நீராவி துளிகளாகித் தூறலாக விழுகிறது. மறுபக்கம், போர்ட் லூயியை நோக்கி இறங்கும் காற்று வெப்பமடைந்து உலர்கிறது. அலூடாக் குவளையில் நடப்பதும் இதுவும் ஒன்றுதான். மூன்று எடுத்த பிள்ளை இப்படிக் கேட்கிறாள் என்பதை நான் பெரிதாக எண்ணுகிறேன்.

அதனால் ஐயா சொன்ன 'லெசோன்' என்ற தனிப்பயிற்சி இந்த டிசம்பரில் வேண்டாம் என்பது என் கருத்து. கணக்கில் தடுமாறும் பிள்ளைக்குத் தனிப்பயிற்சி உதவக்கூடும். இவளுக்கு வேண்டியது நாள்தோறும் கால் மணிநேரம். மாலையில் ஒரே ஒரு கேள்வியை எடுங்கள். முதலில் கிரியோலிலோ தமிழிலோ வாயால் சொல்லட்டும். பிறகு அதையே ஆங்கிலத்தில், 'பிகாஸ்' என்ற சொல் வரும்படி, முழு வாக்கியமாக ஒரு தனி நோட்டில் எழுதட்டும். பிழை இருந்தால் சிவப்பு மையால் அடிக்காமல், கீழே சரியான வாக்கியத்தை எழுதிவிடுங்கள். ஜனவரியில் பள்ளி திறந்ததும் புதிய அறிவியல் ஆசிரியரைச் சந்தித்து, பிள்ளைக்கு விஷயம் தெரியும், ஆங்கிலத்தில் எழுதுவதில்தான் சிரமம் என்று சொல்லிவையுங்கள். ஆசிரியர் அதைத் தானாகக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆகலாம்.

மகள் மருத்துவராக வேண்டும் என்ற ஐயாவின் ஆசையை நான் மறுக்கவில்லை. ஆனால் அறிவியல் படித்தவர்களுக்கு இந்தத் தீவில் வேறு வேலைகளும் உண்டு என்பதைப் பிள்ளை அறிந்து வளரட்டும். புயல் வரும்போது நாம் காதைத் தீட்டிக் கேட்கும் அறிவிப்புகளை வாக்குவாவில் உள்ள வானிலை நிலையத்தில் இருப்பவர்கள் தயாரிக்கிறார்கள். தூறலைப் பற்றிக் கேட்கும் பெண்ணுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். 1974-இல் காட்டில் நான்கே நான்கு எனக் கணக்கிடப்பட்ட மொரீஷியஸ் வல்லூறு இன்று நூற்றுக்கணக்கில் பறப்பதற்குக் காரணமும், உயிரியல் படித்து மரமேறிக் கூடு பார்த்தவர்கள்தாம். தாதியர், ஆய்வுக்கூடப் பணியாளர், மீன்வளம், வேளாண்மை என்று இன்னும் எத்தனையோ. இவற்றுள் ஒன்றை இப்போதே தேர்ந்தெடுக்கச் சொல்லி அவளை வற்புறுத்தாதீர்கள்.

உறவினர் மீண்டும் கேட்டால், அவள் அருகில் நிற்கும்போது, "மூன்று" என்பதைத் தாழ்ந்த குரலில் சொல்லாதீர்கள் அம்மா. அன்று என் அறையில் தாங்கள் குரலைத் தாழ்த்தியபோது பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள்.

தைப்பூசக் காவடி முடிந்த வாரத்தில் ஒரு சனிக்கிழமை மீண்டும் வாருங்கள். வரும்போது மதிப்பெண் சீட்டு தேவையில்லை, அந்தத் தனி நோட்டை மட்டும் அவள் கையில் கொடுத்து அழைத்து வாருங்கள்.

அன்புடன்,
தங்கள் கல்வி ஆலோசகர்