குரூப் 4: தினமும் உட்கார்ந்து படிப்பது எப்படி? கேள்வி பதில்

மூன்றாவது முறை எழுதியபோதுதான் நான் குரூப் 4 தேறினேன், அதாவது டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் தமிழக அரசு வேலைத் தேர்வில். இப்போது இளநிலை உதவியாளர். முதல் இரண்டு முறையும் கோட்டைவிட்டதற்கு ஒரே காரணம், தினமும் உட்காராததுதான். அதுபற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, தினம் பத்து மணி நேரம் என்று அட்டவணை போடுகிறேன். நாலாம் நாளே விட்டுப்போகிறது.

மணிக்கணக்கை விடுங்கள் தம்பி. புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு சும்மா இருந்தாலும் மணி ஓடும். தாளில் 200 கேள்விகள்: தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு 25. அதையே அன்றாட வேலையாகப் பிரியுங்கள். இன்று ஏழாம் வகுப்புத் தமிழில் ஒரு இயல், திறனறிவில் பத்துக் கணக்கு. முடித்தால் டிக். முடித்தோமா இல்லையா என்று இரவில் சந்தேகமே வரக்கூடாது. அப்புறம், காய்ச்சலிலும் செய்யக்கூடிய ஒரு அளவு வேண்டும். எனக்கு அது ஐந்து கணக்கு.

ஜவுளிக்கடையில் வேலை. இரவு பத்து மணிக்குத்தான் வீடு வருகிறேன். எப்போது படிப்பது?

நாள் முழுக்க நின்ற காலோடு இரவில் படிக்க வேண்டாம். தவறாமல் செய்கிற ஒரு காரியத்தோடு படிப்பை முடிச்சுப்போடுங்கள்: காலையில் டீ குடித்து டம்ளரைக் கழுவி வைத்ததும் கணக்கு நோட்டு. எப்போது, எங்கே, என்ன என்று முன்பே முடிவுசெய்து வைப்பவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

21 நாளில் பழக்கமாகிவிடும் என்கிறார்கள். ஒரு மாதமாகியும் எனக்குப் பாரமாகத்தான் இருக்கிறது.

உங்கள் மேல் தப்பில்லை தங்கச்சி. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் செய்து 2010இல் வெளிவந்த ஆய்வில், ஒரு பழக்கம் படிய ஆன சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை போகிறது. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பும் இல்லை. இது எனக்கு அன்றே தெரிந்திருந்தால்! இரண்டாம் முறை படிக்கும்போது கல்யாண வீட்டுக்குப் போய் நாலு நாள் விட்டுப்போனது. 'சரி, அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து ஒழுங்காகத் தொடங்கலாம்' என்று தள்ளினேன். கல்யாணத்தில் போனது நாலு நாள், அந்தத் தேதிக்காகக் காத்திருந்ததில் போனது இருபது நாள். திரும்பி வந்த அன்றே ஐந்து கணக்கு போட்டிருக்க வேண்டும். விட்டதைச் சேர்த்துவைத்தும் படிக்காதீர்கள், மலைத்துப்போவீர்கள். அன்றைய பங்கு மட்டும் போதும்.

படித்ததெல்லாம் மறந்துபோகிறது.

எல்லோருக்கும் மறக்கும். புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருப்பதை எழுதுங்கள். மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம் கழித்து மறுபடி. ஞாயிற்றுக்கிழமை புதுப் பாடமே வேண்டாம், ரிவிஷன்தான்.

தமிழ் தெரிந்ததுதானே, கடைசியில் பார்க்கலாமா?

கூடாது. தமிழில் 150 மதிப்பெண்ணுக்கு 60 வராவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

'இன்னும் எத்தனை வருஷம்?' என்று வீட்டில் கேட்கிறார்கள். உட்கார்ந்தாலே அழுகை வருகிறது.

நானும் அழுதிருக்கிறேன் அம்மா. இந்தத் தேர்வு வரை என்று வீட்டில் ஒரு கெடு சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஒரு வேலையில் சேர்ந்துகொண்டும் படிக்கலாம். டிக் போடும் காலண்டரைக் கூடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். எங்கள் வீட்டில் ஒருநாள் டிக் இல்லாததை அம்மா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியும்போது என் கணக்கு நோட்டுக்குப் பக்கத்தில் டீ இருந்தது.