பச்சை உடம்பு, பச்சைப்பிள்ளை: செம்பூர் நர்ஸிடம் கேட்டவை

மும்பை மாநகராட்சி ஆஸ்பத்திரி ஒன்றின் பிரசவ வார்டில் 29 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊர் தென்காசிப் பக்கம், வீடு செம்பூர். மாடிப்படியிலும் மார்க்கெட்டிலும் கோவில் வாசலிலும் நிறுத்தி வைத்துக் கேட்பதையெல்லாம் இந்த முறை எழுதி அனுப்பச் சொன்னேன். வந்ததில் பாதிக்கு மேல் பால் பற்றித்தான். ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள். உங்களைத் தொட்டுப் பார்த்தவர் அவர்தான்.

சிஸ்டர், எனக்கு 7 மாதம், தலைப்பிள்ளை. அம்மா ஊருக்கு வரச் சொல்கிறார். மாமியார் இங்கே சயானிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். எது நல்லது? (ஆன்டாப் ஹில்)

இரண்டும் நல்லதுதான். ஆனால் எதுவென்று இந்த வாரமே முடிவு செய்யுங்கள். ஒன்பதாம் மாதம் இடம் மாறினால் புது ஆஸ்பத்திரியில் உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் உட்கார்ந்து போகும் உடம்பா என்றும் பாருங்கள். விமானம் என்றால் 36 வாரத்துக்கு மேல் பல நிறுவனங்கள் ஏற்றாது, அதற்கு முன்னாலேயே டாக்டர் கடிதம் கேட்கும். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை ஏதாவது இருந்தால் எங்கே காட்டிக்கொண்டிருக்கிறீர்களோ அங்கேயே இருங்கள். எதுவும் இல்லையென்றால் கேட்க வேண்டியது ஒன்றே: பெற்ற பிறகு நாற்பது நாள் உங்களுக்குச் சோறு வடிப்பது யார்? அந்த ஆள் இருக்கும் ஊருக்குப் போங்கள். எங்கே போனாலும் கேஸ் பேப்பர், ஸ்கேன், ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாம் ஒரே பையில் கூடவே போகட்டும்.

அக்கா, எனக்கு மராத்தி சுத்தமாக வராது. இந்தியும் அரைகுறை. லேபர் வார்டில் வீட்டு ஆளை விடமாட்டார்களாமே? அதை நினைத்தாலே கை நடுங்குகிறது. (தாராவி, 9 மாதம்)

பிரசவத்தின்போது துணைக்கு ஒரு பெண்ணை உடன் வைத்துக்கொள்ளலாம் என்று மத்திய சுகாதாரத் துறை 2016லேயே சொல்லிவிட்டது. நெரிசலான வார்டில் நடப்பது வேறாக இருக்கும். ஆனாலும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கேட்டவர்களுக்குக் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

மொழிக்கு ஐந்தாறு சொல் போதும். 'களா' என்றால் பிரசவ வலி. 'ஜோர் லாவ்' என்று கத்தினால் முக்கச் சொல்கிறார்கள், திட்டவில்லை. 'ஷ்வாஸ் கே' என்றால் மூச்சை இழு. 'லக்வி ஜாலி கா?' என்றால் ஒன்றுக்குப் போனாயா என்று அர்த்தம். பெற்ற பிறகு நாலு பேர் வந்து இதையே கேட்பார்கள், கூச்சப்படாமல் பதில் சொல்லுங்கள். மூத்திரப்பை நிரம்பிக் கிடந்தால் கர்ப்பப்பை சரியாகச் சுருங்காது, ரத்தம் போகும். அதனால்தான் கேட்கிறோம். 'டாக்கே' என்றால் தையல். வார்டில் வேலை செய்யும் அம்மாக்களை 'மாவ்ஷி' என்று கூப்பிடுங்கள். சித்தி என்று கூப்பிட்டது மாதிரி, முகம் மலர்ந்துவிடும்.

எப்போது கிளம்புவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நடந்தால், படுத்தால், வெந்நீர் ஊற்றினால் அடங்கிவிடுவது பொய் வலி. தலைப்பிள்ளைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என்று ஒரு மணி நேரம் விடாமல் வந்தால் கிளம்பலாம். பனிக்குடம் உடைந்தால் வலிக்காகக் காத்திருக்காதீர்கள். அந்த நீர் பச்சையாக இருந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ நேரம் காலம் பார்க்காமல் உடனே. வண்டி கிடைக்காவிட்டால் 108.

மேடம், ஆஸ்பத்திரிப் பையில் என்னென்ன வைக்க வேண்டும்? என் பட்டியல் 43 பொருளுக்குப் போய்விட்டது. (டோம்பிவிலி, அப்பா ஆகப்போகிறவர்)

தம்பி, காகிதங்கள், இரண்டு முன்பக்கம் திறக்கும் நைட்டி, பெரிய பேடு, துவைத்து மெலிந்த பழைய வேட்டித்துணி நிறைய, குழந்தைக்குக் குல்லா, போன் சார்ஜர். மீதியைக் கீழே உள்ள மெடிக்கலில் வாங்கிக்கொள்ளலாம். புதுத்துணியைக் கஞ்சிப் பசை போகத் துவைக்காமல் கொண்டுவராதீர்கள்.

சிசேரியன் ஆகி இன்று மூன்றாம் நாள். பாலே இல்லை. குழந்தை கத்திக்கொண்டே இருக்கிறான். அத்தை பவுடர் பால் டப்பா வாங்கி வைத்துவிட்டார். நான் என்ன செய்ய? (முலுண்ட்)

முதலில் ஒன்று: பால் இல்லை என்பது நீங்களாகச் சொல்வது. மார்பைப் பிதுக்கிப் பார்த்துச் சொல்வதெல்லாம் கணக்கில் சேராது. முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாகத்தான் வரும். முதல் நாள் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வதே ஒரு டீஸ்பூன் போல. சிசேரியன் ஆனவர்களுக்குப் பால் ஊறுவது ஒரு நாள் தள்ளிப் போகலாம், அவ்வளவுதான்.

பிடிக்கும் முறையைப் பாருங்கள். உங்கள் மாதிரி ஒரு பெண், சயான் கோலிவாடாக்காரி, மூன்றாம் நாள் ராத்திரி ரவுண்டு போனபோது சுவர்ப்பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள். குழந்தை வாயில் காம்பின் நுனி மட்டும் இருந்தது. கன்னம் உள்ளே குழிந்து 'டிக் டிக்' என்று சத்தம். தையல்மேல் படாமல் குழந்தையை அவள் கக்கத்துப் பக்கமாகக் கொண்டுபோய், கால் பின்னால் நீட்டுகிற மாதிரி தலையணையில் கிடத்தினேன். மேலுதட்டில் காம்பால் தடவினோம். கொட்டாவி விடுவதுபோல வாயைத் திறந்ததும் குழந்தையை மார்புக்குக் கொண்டுவந்தோம், மார்பைக் குழந்தைக்குக் கொண்டுபோகவில்லை. தாடை மார்பில் பதிந்தது, கீழுதடு வெளியே மடிந்தது, கருவட்டம் பெரும்பாலும் வாய்க்குள் போனது. சத்தம் நின்று 'கக்... கக்...' என்று விழுங்கும் ஒலி வந்தது. அவளும் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பத்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பத்து நிமிடம் செலவழிக்க வார்டில் ஆள் இருப்பதில்லை என்பதும் உண்மைதான்.

ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை போடுங்கள், ராத்திரியும் சேர்த்து. பால் போதுகிறதா என்று மார்பைப் பார்க்காதீர்கள், துணி காயும் கொடியைப் பாருங்கள். முதல் நாள் ஒரு ஈரத்துணி, இரண்டாம் நாள் இரண்டு, இப்படியே ஏறி ஐந்தாறு நாளில் தினம் ஆறுக்குக் குறையாமல் நனைய வேண்டும். காட்டுப்பீ என்று நாம் சொல்லும் அந்தத் தார் போன்ற கறுப்பு மலம் நாலைந்து நாளில் மஞ்சளுக்கு மாற வேண்டும். எடை முதலில் இறங்கத்தான் செய்யும். 3 கிலோ குழந்தை 2.75க்கு வந்தால் பதறாதீர்கள், இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கினாலோ, குழந்தை துவண்டு எழுந்திருக்காமல் தூங்கினாலோ டாக்டரிடம் காட்டுங்கள். அவர் பவுடர் பால் எழுதினால் மருந்துபோலக் கொடுங்கள், குற்ற உணர்ச்சியே வேண்டாம். அவர் சொல்லாமல் கொடுத்தால் குழந்தை வயிறு நிறைந்து தூங்கிவிடும், மார்பை உறிஞ்சாது, உறிஞ்சாத மார்பில் பால் ஊறாது. அப்புறம் அத்தை சொன்னதே பலித்ததாகிவிடும்.

குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் கிடைக்காத நிலையில் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டிருந்தார். நம் சயான் ஆஸ்பத்திரியில்தான் 1989ல் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். மற்ற தாய்மார் தானமாகத் தரும் பாலைப் பரிசோதித்து, சூடாக்கிக் கிருமி நீக்கி, குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். உங்கள் குழந்தைகள் வார்டில் கேளுங்கள்.

நாங்களெல்லாம் பிறந்ததும் நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைத்து, உரைமருந்து கொடுத்து, மூக்கில் எண்ணெய் விட்டு வளர்ந்தவர்கள்தானே? மருமகள் எதையும் தொடவிட மாட்டேன் என்கிறாள். (காட்கோபர், பாட்டி)

அக்கா, கோபப்படாமல் கேளுங்கள். என் இரண்டு பிள்ளைகளுக்கும் என் அம்மாவே சேனை வைத்தார், நானும் தடுக்கவில்லை. அப்போது எனக்கு அத்தனை தைரியம் இல்லை. தேனில் உள்ள ஒரு கிருமியின் வித்து ஒரு வயதுக்குள்ளான குழந்தையின் குடலில் முளைத்து நரம்பையே தளர்த்திவிடக்கூடும். அதனால் ஒரு வயது வரை தேன் நாக்கில் படக்கூடாது. உரைமருந்து, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் வேண்டாம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூடக் கிடையாது. மூக்கில் எண்ணெய் விட்டு ஊதினால் அது நுரையீரலுக்குப் போகும். தொப்புளில் விபூதி, மஞ்சள், பவுடர் எதுவும் வேண்டாம், உலர்ந்தபடி விட்டால் இரண்டு வாரத்துக்குள் தானாக விழும். சாம்பிராணிப் புகையைக் குழந்தைக்குக் காட்டாதீர்கள்.

உடம்புக்கு இதமாக எண்ணெய் தடவிக் குளிப்பாட்டுவது உங்கள் வேலைதான், அதை யாரும் பறிக்க முடியாது. வசம்பைக் கையில் கட்டுவதற்குப் பதில் தொட்டில் கம்பில் கட்டுங்கள், வாசனைக்கு வாசனையும் ஆச்சு.

குழந்தைக்கு முகம் மஞ்சளாகத் தெரிகிறது. காலை வெயிலில் காட்டினால் போதுமா? (நவி மும்பை)

இரண்டாம் மூன்றாம் நாள் லேசாக மஞ்சள் வருவது நிறையக் குழந்தைகளுக்கு உண்டு. அடிக்கடி பால் கொடுத்தால் மலத்தோடு போகும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் வந்தால், உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினால், குழந்தை பால் குடிக்காமல் சுணங்கினால் வெயிலை நம்பாதீர்கள், ரத்தப் பரிசோதனைக்கு எடுத்துப் போங்கள். ஆஸ்பத்திரி நீல விளக்கின் வேலையை ஜன்னல் வெயில் செய்யாது. ட்யூப்லைட்டில் பார்க்காமல் பகல் வெளிச்சத்தில், நெற்றியை விரலால் அழுத்தி எடுத்து, அந்த இடம் மஞ்சளாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

பிறப்புச் சான்றிதழில் 'சர்நேம்' கேட்கிறார்கள். நமக்கு ஏது? இனிஷியல் போட்டால் போதாதா? (செம்பூர், அப்பா)

இதில் நானே சூடுபட்டவள். என் மூத்தவன் பிறந்தபோது அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவந்தார் என் வீட்டுக்காரர். அலுவலகத்தில் யாரோ ஒரு புண்ணியவான் என் மாமனார் பெயரை, அதுவும் எழுத்துப் பிழையோடு, அதில் நிரப்பிவிட்டார். ஸ்கூலில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர். பாஸ்போர்ட் எடுக்கும்போது அபிடவிட்டு, நோட்டரி என்று ஆறு நடை நடந்தோம்.

அதனால் இனிஷியலை விரித்தே எழுதுங்கள். குழந்தை பெயர் கவின், அப்பா பெயர் மாரியப்பன் என்றால் 'கவின் மாரியப்பன்'. மாரியப்பனின் ஆங்கில எழுத்து உங்கள் ஆதாரில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் படிவத்தை நீங்களே கொட்டை எழுத்தில் நிரப்பி, கொடுக்குமுன் போனில் படம் எடுத்து வையுங்கள். 21 நாளுக்குள் பதிவாக வேண்டும், ஆஸ்பத்திரியே அனுப்பிவிடும். பெயர் முடிவாகவில்லை என்றால் பெயரில்லாமல் பதிந்துவிட்டு ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், ஆகவே ஜாதகம் வரட்டும் என்று பதிவையே தள்ளிப்போடாதீர்கள். குழந்தை பிறந்த இடத்து அலுவலகத்தில்தான் சான்றிதழ், குடியிருக்கும் இடத்தில் அல்ல. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளி முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு இந்தத் தாள்தான் ஆதாரம். சோம்பல் வேண்டாம்.

கம்பெனி இன்ஷூரன்ஸ் இருந்தால் குழந்தையை அதில் சேர்க்கவும் அன்றைக்கே மெயில் போடுங்கள்.

பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று அம்மா டம்ளர் கணக்கில் தருகிறார். (மாதுங்கா)

தையல் போட்ட இடம், மலச்சிக்கல், பால் கொடுக்கும் தாகம். இதில் தண்ணீரையும் குறைத்தால் எப்படி? தாகத்துக்குக் குடியுங்கள். லேகியம், பூண்டுக் குழம்பு, பால்சுறா புட்டு, பக்கத்து வீட்டு மராத்தி அம்மா தரும் டிங்க் (கோந்து) லட்டு எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். பத்தியம் என்று காய், கீரை, பழத்தை நிறுத்துவதுதான் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையைப் பெற்ற பிறகும் ஆறு மாதம் போடுங்கள். உடம்பு பிடித்துவிடும் மாலிஷ்வாலி அம்மா வந்தால் சிசேரியன் தையல்பக்கம் கை வைக்க விடாதீர்கள். ஒரு பேடு ஒரே மணி நேரத்தில் நனைந்தால், காய்ச்சல் வந்தால், கண் மங்கித் தலை இடித்தால் ஆஸ்பத்திரி.

பால் கொடுக்கும் வரை மறுபடி கரு நிற்காது என்கிறார்களே? (பெயர் ஊர் வேண்டாம்)

மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டும் வாய்ப்பு மிகக் குறைவு: ஆறு மாதத்துக்குள், இரவு பகல் தாய்ப்பால் மட்டும், மாதவிலக்கு இன்னும் வரவில்லை. ஒன்று தவறினாலும் நம்பாதீர்கள். டிஸ்சார்ஜுக்கு முன்பே, கர்ப்பப்பையில் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர் டி பற்றிக் கேளுங்கள்.

எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. ஆனால் காரணமே இல்லாமல் அழுகிறேன். குழந்தையைத் தூக்கவே தோன்றவில்லை. (வாஷி, 24 நாள்)

முதல் பத்துப் பதினைந்து நாள் அழுகை வந்து போகும். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். இது திமிரும் இல்லை, திருஷ்டியும் இல்லை, மருத்துவம் உள்ள நோய். இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் இதே வார்த்தையில் சொல்லுங்கள். 14416 அரசின் இலவச மனநல எண், தமிழிலும் பேசலாம். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் தனியாக இருக்காதீர்கள், அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். இன்று ராத்திரி ஒரு வேளைப் பாலைக் கறந்து வைத்துவிட்டு நாலு மணி நேரம் தூங்குங்கள். குழந்தையை வீட்டுக்காரர் பார்க்கட்டும்.

ஜூலையில் தேதி. மும்பை மழையில் துணி எப்படிக் காயும்? (அம்பர்நாத்)

காயாது. முப்பது துணியாவது வைத்துக்கொள்ளுங்கள். ஃபேனுக்குக் கீழே கயிறு கட்டி உலர்த்தி, அரைகுறை ஈரத்தோடு இஸ்திரி போட்டுவிடுங்கள். ராத்திரிக்கு டயப்பர் போட்டால் பாவமில்லை. ஆனால் முதல் வாரம் பகலில் துணியே கட்டுங்கள், இல்லாவிட்டால் எத்தனை தடவை நனைந்தது என்று எப்படி எண்ணுவீர்கள்?